ஒன்பதாவது வளைவு

பாலாடாவில் கேரட் கழுவி ஏற்றி முடிக்க
மணி ஒன்றரை.
எழுபத்தெட்டு மூட்டை.
தார்ப்பாய்க் கயிறு இழுத்து விரல் மரத்துவிட்டது,
பீடிக்குத் தீக்குச்சி உரச
சந்தியாகுதான் வரவேண்டியிருந்தது.

குன்னூர் தாண்டும்வரை ரேடியோவில் இரைச்சல்தான்.
சில இரவுகளில்
மலைக்கு அந்தப் பக்கமிருந்து கன்னடத்தில் உர விளம்பரம்,
சில இரவுகளில் மலையாளத்தில் யாரோ
யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து.
பர்லியார் தாண்டினால் சமவெளி தெரியும்.
கீழே விளக்கு தெரிகிற இடத்தில்
கோயம்புத்தூர் காதில் விழும்,
திரும்பினால் போய்விடும்,
அடுத்த திருப்பத்தில் மறுபடி வரும்.
பதினாலு வளைவுக்கும்
பாதிப் பாதியாகத்தான் பாட்டுக் கேட்டிருக்கிறேன்
பத்தொன்பது வருஷம்.

அன்றைக்கு ஒரு பெண் பாடினாள்.
பாடினாள் என்றா சொல்வது?
பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து
பேசிக்கொண்டே வருகிற குரல்.
மூன்று நாளாகக் காயாத சுடிதார்
மொட்டைமாடிக் கொடியில்
பனிமூட்டத்துக்குக் கையசைக்கிறதாம்.
அதையெல்லாம் போயா பாடுவார்கள்?

எந்தப் படம் என்றேன்.
படமில்லை அண்ணே என்றான் சந்தியாகு,
இது சும்மா பாட்டு,
நாலு பேர் சேர்ந்து அவங்களே போடுறது.
படமில்லாமல் பாட்டு எங்கே போய் நிற்கும்?
கதாநாயகன் இல்லை, மழை இல்லை,
அந்தச் சுடிதார் மட்டும்
என் கண்ணாடி முன்னால் தொங்கிக்கொண்டு வந்தது.
அடியில் ஒரு தாளம்.
கடகடவென்று, ஈரமாக,
எனக்கு நன்றாகத் தெரிந்த யாரோ
இருட்டில் நடந்து வருகிற மாதிரி.

"இந்தப் பாடலைப் பாடிய குழுவின் பெயர் ஈர—"
ஒன்பதாவது வளைவு.
மலை வாயைப் பொத்திவிட்டது.

வண்டியைப் பின்னால் எடுத்தேன்.
கொண்டை ஊசி வளைவில், லோடோடு, ரிவர்ஸ்.
சந்தியாகு குதித்திறங்கிப் பக்கப் பலகையைத் தட்டுகிறான்,
வா, வா, வா, ஒடி, ஒடி,
பைத்தியமா அண்ணே உனக்கு, ஹோல்டேய்!
மேலிருந்து வந்த முட்டைக்கோஸ் லாரிக்காரன்
என் பரம்பரையை விசாரித்தான்.
பெயர் வந்த இடத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது
அங்கே சிமெண்ட் விளம்பரம் நின்றுகொண்டிருந்தது.

பதினோரு இரவு
அந்த வளைவுக்கு முன்னால் ஓரங்கட்டி நின்றேன்.
குரங்குகள் பழகிவிட்டன.
மண்டிக்காரர் கடுகடுத்தார்,
டயர் என்றேன், பிரேக் என்றேன், காட்டெருமை என்றேன்.
ஈர என்று தொடங்கி என்னென்ன பெயர் வைக்கலாம்?
ஈரத் துண்டு, ஈர விறகு, ஈரல் குழம்பு.
சந்தியாகு சிரித்துச் சிரித்துத் தூங்கிப்போவான்.

பன்னிரண்டாம் இரவு வந்தது.
ஈரத் தீக்குச்சி.
முழுப் பெயர். நல்ல பெயர்.
தாளம் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது,
அது எங்கள் மெஷின்.
பாலாடாவில் கேரட் உருளும் அதே இரும்பு உருளை.
மூன்றாவது சுற்றில் ஒரு பல் விட்டுவிட்டுச் சுற்றும்,
அந்த நொண்டலோடு அப்படியே.

ஆடி மழையில் வந்தார்கள், நாலு பேர்.
பூனைக்குட்டி மாதிரி ரோமம் வைத்த மைக்கை
மெஷினுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு.
கல்லூரிப் பாடமென்று நினைத்தேன்.
அதில் ஒருத்திக்குத் துப்பட்டா இடுப்புக்குக் கீழே பறந்தது.

அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்,
பாட்டு நின்றது.
நின்ற இடத்தில்,
கரகரத்து, தூக்கமில்லாமல், பீடி நாறும் ஒரு ஆம்பளைக் குரல்:
"தள்ளி நில்லு!"

சந்தியாகு என்னைப் பார்த்தான்.
நான் ரோட்டைப் பார்த்தேன்.

ரேடியோவில் என் குரல்.
அதை ஒரு தடவை போட்டாலும் பரவாயில்லை,
நாலு இடத்தில் போட்டிருக்கிறார்கள்,
நான் ஒவ்வொரு தடவை கத்தும்போதும் அவள்
கிதாரை நிறுத்திவிட்டு
மெல்லக் கேட்கிறாள்,
எவ்வளவு தூரம்?
எவ்வளவு தூரம்?

ஊரெல்லாம் இதைக் காதல் என்று நினைத்துக்
கேட்டுக்கொண்டிருக்குமாம்.
சந்தியாகு சொல்கிறான்.

ரெண்டடி, தாயி.
பெல்ட் ஓடுதில்ல, துப்பட்டா மாட்டிக்கும்.